எஃப்டி கார்டா, நகைக்கடனா? சிபில் ஸ்கோரைத் தூக்கி நிறுத்த எது கைகொடுக்கும்?

பழைய கடனில் தவணை தவறி சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) 600க்குக் கீழே போய்விட்டால், சாதாரண கிரெடிட் கார்டு கிடைப்பது கஷ்டம். அப்போது கையில் இருக்கும் வழிகளில் இரண்டு இவை.

எஃப்டி கார்டு: வங்கியில் வைப்பு நிதி போட்டு, அதன் பேரில் வாங்கும் கிரெடிட் கார்டு. 20,000 ரூபாய் போட்டால் அதில் பெரும்பகுதி லிமிட்டாக (கார்டில் செலவழிக்கக்கூடிய உச்சத் தொகை) வரும், வைப்புக்கு வட்டியும் ஓடும். மாதம் பால், பெட்ரோல் என்று லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவழித்து, கெடு தேதிக்குள் முழுத்தொகையையும் கட்டினால் வட்டியே கிடையாது. மாதாமாதம் ஒரு நல்ல பதிவு சிபிலில் ஏறும். ஆனால் 'மினிமம் டியூ', அதாவது பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிற ஆளா நீங்கள்? இதைத் தொடாதீர்கள். வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தைக்கூடத் தொடும். கட்டாமல் விட்டால் வைப்பிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள்.

நகைக்கடன்: வட்டி குறைவு, ஆனால் முதல் நாளிலிருந்தே ஓடும். இதுவும் சிபிலில் பதிவாகும். ஆனால் கடைசியில் மொத்தமாகக் கட்டி மீட்கும் வகை என்றால், மாதத் தவணை கட்டிய பழக்கம் பதிவில் தெரியாது. அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்றால் சரி. ஸ்கோருக்காக மட்டும் அம்மாவின் வளையலை அடகு வைப்பானேன்?

என் ஓட்டு கார்டுக்கு. ஆறு மாதமாவது பொறுமை வேண்டும், அப்புறம் பாருங்கள்.