வீட்டுச் சூட்டை அளக்க வரும் பிள்ளைகள்: கூப்பிடலாமா?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் என் மாமனாரின் ஐயா கட்டிய வீடு எங்களுடையது. வளவு என்கிற நடுமுற்றமும் பட்டாலை என்கிற கூடமும் சித்திரை வெயிலிலும் குளுகுளுவென்றுதான் இருக்கும். தொல்லையெல்லாம் பின்கட்டில் 1980களில் ஒட்டிக் கட்டிய கான்கிரீட் அறைகளால்தான். விருந்தினருக்கு வாடகைக்கு விடுவதும் அவற்றையே. ஏ.சி. கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, ஒன்றரை டன்னில் மூன்று போடச் சொன்னார். மின்கட்டணத்தை நினைத்துக் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது இந்தக் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டேன்.

இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிற ஆறு பேர். ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு கல்லூரி. கோடையில் ஒரே வீட்டில் தங்கி, இரவு பகலாகக் கூடிப் பேசி, மின்சாரத்தை அதிகம் தொடாமல் அந்த வீட்டின் சூட்டைத் தணிக்க வழி சொல்கிறார்கள். கூலி வாங்குவதில்லை, சாப்பாடு, தங்கல், வழிச்செலவு நம்முடையது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953இல் காரைக்குடியில் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்த நாளிலிருந்து எங்கள் பக்கத்துக்கு விஞ்ஞானிகள் புதிதல்ல. ஆனால் எங்கள் மொட்டைமாடியில் ஒரு விஞ்ஞானி ஏறி இப்போதுதான் பார்க்கிறேன்.

வந்த அன்றே உச்சிவெயிலில் வெப்பப்படக் கருவியோடு வீடு முழுக்கச் சுற்றினார்கள். நாட்டு ஓடு வேய்ந்த பட்டாலைக் கூரை திரையில் கருநீலமாகத் தெரிந்தது. பின்கட்டுத் தளம் அடுப்புத் தணலாக எரிந்தது. வளவில் கயிறு கட்டி, முழத்துக்கு ஒன்றாக வெப்பமானிகளைத் தொங்கவிட்டார்கள். நடுச்சாமத்தில் ஒரு பெண் ஆத்தங்குடிக் கல் தரையில் குப்புறப் படுத்து அளவு குறித்துக்கொண்டிருந்தாள். இதற்காகவா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டேன். "இராத்திரிதான் ஆச்சி, குளிர்ந்த காற்று கீழே இறங்கி வளவில் தேங்குகிறது. விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டால் மதியம்வரை தாங்கும்" என்றாள்.

காசு கொடுத்தாலும் கிடைக்காத விஷயம் இவர்கள் போடும் சண்டை. ஒரு தம்பி, வானத்துக்கே வெப்பத்தை அனுப்பும் பளபளப்புத் தகட்டைத் தளத்தில் விரிக்க வேண்டும் என்றான். 8 முதல் 13 மைக்ரோமீட்டர் அலைநீள வெப்பம் காற்றுமண்டலத்தில் அதிகம் சிக்காமல் வெளியேறிவிடுமாம். 2014இல் ஸ்டான்ஃபோர்டில் இப்படி ஒரு தகட்டை நல்ல வெயிலில் வைத்து, சுற்றியிருந்த காற்றைவிட ஏறத்தாழ 5 டிகிரி குளிரவைத்திருக்கிறார்கள். "செம்மண் தூசி படிந்தால் உன் தகடு என்ன ஆகும்?" என்று இன்னொருவன் கேட்டான். விலையைப் போட்டுப் பார்த்தார்கள். தகடு போனது. அந்தப் பெண் ஈரக்கோணி விரிக்கலாம் என்றாள்: ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தைக் கொண்டுபோகும். பிறகு தளத்தின் பரப்பையும், கோடையில் வற்றிக் கிடக்கும் ஊரணியையும் கணக்கில் சேர்த்துப் பார்த்து, அது வேண்டாமென்று அவளே தள்ளிவிட்டாள். தன் சரக்கைத் தானே வேண்டாமென்று சொல்கிறவர்களை நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை.

கடைசியில் நின்றது சுண்ணாம்பு. உச்சிவெயிலில் சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் அளவில் வெயில் விழுகிறது. பாசி பிடித்துக் கறுத்த எங்கள் தளம் அதில் பெரும்பகுதியைக் குடித்துக்கொண்டிருந்தது. சுரண்டிக் கழுவி, நீற்றிய சுண்ணாம்பில் வெள்ளைச் சிமெண்டும் பசையும் கலந்து மூன்று பூச்சு. 75 வாட் இழுத்த மின்விசிறிகளுக்குப் பதில் 30 வாட் அளவில் ஓடும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. விசிறிகள். அவ்வளவுதான். உட்கூரையின் சூடு மதியத்தில் ஐந்து டிகிரி குறைந்திருக்கிறது; விசிறியிலிருந்து அனல் இறங்குவதில்லை. மேற்குப் பார்த்த கடைசி அறை மட்டும் இன்னும் புழுங்குகிறது. அதற்கு ஒரு ஏ.சி. வாங்கத்தான் போகிறேன், மூன்று அல்ல.

குறைகளும் உண்டு. அறிக்கை தடிமனாக வந்தது, முழுக்க வரைபடம். கொத்தனாரிடம் கொடுத்தேன், புரட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எந்தப் பக்கத்திலும் ரூபாய்க் கணக்கு இல்லை. வரவு செலவு இல்லாத தாளை எங்கள் ஊரில் யாரும் பெட்டிக்குள் வைக்கமாட்டார்கள். கலவை விகிதத்தைத் தொலைபேசியில் கேட்டு வாங்கவே பல நாள் ஆயிற்று. ஊருக்குப் போன பிறகு பிடிப்பது கடினம். வாடகைக்கு வந்திருந்த ஒரு குடும்பம் இவர்களின் நள்ளிரவு விவாதத்தைப் பொறுக்காமல் அறை மாற்றிக் கேட்டது.

கூப்பிடுவதாக இருந்தால் மாசியிலேயே சொல்லிவையுங்கள். பூச்சு காய வெயில் வேண்டும். கிளம்புவதற்கு முன் செலவுக் கணக்கையும் கலவை அளவையும் ஒரே தாளில் தமிழில் எழுதி வாங்கிவிடுங்கள். கந்தரப்பம் கொஞ்சம் கூடுதலாகவே சுட்டு வைக்க வேண்டியிருக்கும்.