அதே கட்டுரை, மூன்று தேர்வுகள், மூன்று கணக்குகள்

ஒரு கட்டுரை 385 சொற்களில் வந்துவிட்டது என்று வையுங்கள். இலக்கணம் சுத்தம், தலைப்பை விட்டு எங்கும் விலகவில்லை. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் இரண்டாவது எழுத்துக் கேள்விக்கு இதைக் கொடுத்தால், நீளமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் மார்க்கைக் குறைக்க மாட்டார்கள். அதே மாதிரி இன்னொரு ஆங்கிலத் தேர்வான பிடிஇ அகாடமிக்கில் கொடுத்தால் பூஜ்யம்.

பிடிஇ கட்டுரையில் ஃபார்ம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. 200 முதல் 300 சொற்களுக்குள் எழுதினால் அதில் 2 மார்க். 120 முதல் 199 வரையோ 301 முதல் 380 வரையோ இருந்தால் 1. அதையும் தாண்டினால் 0; ஃபார்மில் பூஜ்யம் விழுந்தால் மற்ற பிரிவுகளுக்கும் மார்க் கிடையாது. படித்ததைச் சுருக்கி எழுதும் கேள்வி இன்னும் கறார்: ஒரே வாக்கியம், 5 முதல் 75 சொற்கள். நடுவில் முற்றுப்புள்ளி வைத்து இரண்டு வாக்கியமாக்கினால் அதுவும் போச்சு. கேட்டதைச் சுருக்குவதற்கு 50 முதல் 70 சொற்கள்; 40க்குக் கீழேயும் 100க்கு மேலேயும் பூஜ்யம்.

கொடுமையாகத் தெரியலாம். எனக்கென்னவோ இது நேர்மையான முறையாகத்தான் படுகிறது. எல்லை முன்கூட்டியே தெரியும், எண்ணிக்கையும் திரையிலேயே ஓடுகிறது. அப்புறம் யாரைக் குறை சொல்வது?

ஐஇஎல்டிஎஸ் கேட்பது குறைந்தபட்ச அளவை மட்டும்தான்: முதல் கேள்விக்கு 150, இரண்டாவதற்கு 250. கணினியில் எழுதினால் எண்ணிக்கை திரையில் தெரியும். காகிதத்தில் எழுதுகிறவர்கள் ஒரு வரிக்குச் சராசரியாக எத்தனை சொல் என்று பார்த்து வரிகளால் பெருக்கிக்கொள்வார்கள்; ஒரு மணி நேரத்தில் ஒவ்வொன்றாக எண்ண யாருக்கு நேரம்? ஆனால் கேள்வித்தாளின் வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டு 250ஐ எட்டலாம் என்று நினைக்க வேண்டாம், அதை விடைக்கான எழுத்தாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 20 சொல்லோ அதற்கும் குறைவாகவோ எழுதினால், 9 வரை போகும் 'பேண்ட்' என்ற மதிப்பெண்ணில் 1தான்.

ஐஇஎல்டிஎஸ்ஸின் கறார் லிசனிங்கிலும் ரீடிங்கிலும் இருக்கிறது. 'இரண்டு சொற்களுக்கு மிகாமல்' என்று போட்டிருக்கும்போது 'ரெட் கார்' என்பதற்குப் பதில் 'தி ரெட் கார்' என்று எழுதினால், பதில் தெரிந்திருந்தும் மார்க் போய்விடும். சிறு கோடு போட்டு இணைத்த சொல் ஒரே சொல்தான். நன்றாகப் படிப்பவர்கள் மார்க்கை விடும் இடம் இது.

கேம்பிரிட்ஜ் தேர்வுகள் வேறு ரகம். அவற்றில் ஒன்றான பி2 ஃபர்ஸ்ட் என்ற ஆங்கிலத் தேர்வில் கட்டுரைக்கு 140 முதல் 190 சொற்கள் கேட்கிறார்கள், ஆனால் பிடிஇ மாதிரி சொல் எண்ணிக்கைக்கென்று தனி மார்க் இல்லை. குறைவாக எழுதினால் ஏதாவது விஷயம் விட்டுப் போயிருக்கும், அதிகமாக எழுதினால் சம்பந்தமில்லாதது நுழைந்திருக்கும். மார்க் குறைவது அதனால்தான். சரி, தாராளம்தான் என்று அதே தேர்வில், கொடுத்த ஒரு சொல்லை வைத்து வாக்கியத்தைப் பொருள் மாறாமல் வேறு விதமாக எழுதும் வாக்கிய மாற்றக் கேள்விக்குப் போனால் கதை வேறு. கொடுத்த சொல்லையும் சேர்த்து 2 முதல் 5 சொற்களுக்குள் விடை இருக்க வேண்டும். அங்கே 'டோன்ட்' இரண்டு சொல், 'ஐ'ம்' இரண்டு சொல். 'கான்ட்' மட்டும் ஒன்று, ஏனென்றால் அதை விரித்தாலும் 'கெனாட்' என்ற ஒரே சொல்தான் வரும்.