இறக்கிய 121உம் வெட்டப்பட்ட பம்ப் ஸ்டொப்பும்

நண்பன் ஒருவன் காரின் உயரத்தைக் குறைக்கிற கட்டை ஸ்பிரிங், அதாவது லோவரிங் ஸ்பிரிங் வாங்கப் போகிறான். "டயர் உரசுமா மச்சான்?" என்று கேட்டிருந்தான். வட்ஸ்அப்பில் நாலு வரியில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். ஸ்பிரிங்கில் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது. கோபமெல்லாம் பம்ப் ஸ்டொப்பை, அதாவது சில்லு மேலே ஏறுவதைக் கடைசியில் தடுத்து நிறுத்துகிற நுரைத் துண்டைக் கண்டவுடனே கத்தியை எடுக்கிற பழக்கத்தின் மேல்தான்.

கார் கொரோலா 121, 30 மில்லிமீற்றர் இறக்கம், 16 அங்குல அலோய், 205/50 டயர். மற்றபடி கொழும்பில் இந்தக் காரைத் தெரியாதவர் யார்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்தக் காலத்தில் புதுக் கார் என்ற நினைப்பை விட்டு, கையில் இருந்ததையே ஆசைக்கு மாற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர். நானும் அதில் ஒருவன்.

ஸ்பிரிங் போட்ட கராஜில் பின் பம்ப் ஸ்டொப் இரண்டையும் பாதியாக வெட்டிவிட்டார்கள். கேட்டதற்கு "இறக்கினால் வெட்டத்தானே வேணும்" என்றார் பாஸ். தனியாக ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் சூட்கேஸ்களுமாகக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும்போதுதான் ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் சர்ர் என்று இழுக்கும். நாரஹேன்பிட்டி ரயில் கடவையில் உரசல் என்பதே இல்லை, நேராக அடிதான், முதுகுத்தண்டு வரைக்கும் ஏறும். ஒருநாள் சில்லைக் கழற்றிப் பார்த்தால் டயரின் வெளித்தோளில் சுற்றிவரக் கோடு விழுந்திருந்தது. மட்கார்ட்டின் உள்மடிப்பை மடக்கு, சின்ன டயர் போடு, ஸ்பிரிங்கை மாற்று என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், பம்ப் ஸ்டொப் என்ற சொல்லை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை.

ஸ்பிரிங் கட்டையானால் கார் நிற்கிற உயரம்தான் குறையும். சில்லு மேலே எவ்வளவு தூரம் ஏறலாம் என்ற கடைசி எல்லையை ஸ்பிரிங் தீர்மானிப்பதில்லை. ஷொக்கின் (அதிர்வைத் தாங்குகிற ஷொக் அப்சோபரின்) தண்டில் மாட்டியிருக்கிற அந்த நுரைத் துண்டு முழுதாக நசுங்கி நிற்கிற இடம்தான் எல்லை. அதைத் தொடாமல் விட்டால், இறக்கிய காரிலும் சில்லு கம்பனிக்காரன் விட்ட இடத்துக்கு மேல் போகாது, என்ன, அந்த இடத்தை அடிக்கடி எட்டும். வெட்டினால் எல்லையே மேலே போய்விடுகிறது, சில்லு அதுவரை பார்த்திராத இடத்துக்குள் ஏறுகிறது, அங்கே தகடு காத்திருக்கிறது. போதாததற்கு ஷொக்கே உள்ளுக்குள் அடிமுட்டத் தொடங்கும், வால்வும் சீலும் எவ்வளவு காலத்துக்குத் தாங்கும்?

வெட்டச் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 30 மில்லிமீற்றர் இறக்கினால் ஷொக்குக்கும் ஸ்டொப்புக்கும் இடையிலிருந்த வெற்று இடமும் கிட்டத்தட்ட அவ்வளவு குறையும், சில கார்கள் சும்மா நிற்கும்போதே ஸ்டொப்பில் உட்கார்ந்துவிடும். சில ஸ்பிரிங் கம்பனிகள் சில மொடல்களுக்கு இவ்வளவு வெட்டு என்று அளவோடு சொல்கின்றன. அளவோடு. பாதி என்பது அளவில்லை, கண்மட்டம்.

என் காரில் வீலுக்கும் பங்கு உண்டு. பழைய 195/60ஆர்15 டயரின் விட்டம் 615 மில்லிமீற்றர், இப்போதுள்ள 205/50ஆர்16 சுமார் 611, அதனால் உயரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 6 அங்குல அகலம் 45 ஒஃப்செட் ரிம்மிலிருந்து 7 அங்குலம் 38க்குப் போனதில் (ஒஃப்செட் குறையக் குறைய சில்லு வெளியே தள்ளி நிற்கும்) ரிம்மின் விளிம்பு கிட்டத்தட்ட 20 மில்லிமீற்றர் வெளியே வந்துவிட்டது, டயரின் தோள் 12க்கு மேல். அதோடு பின்னால் டோர்ஷன் பீம், இரண்டு பின்சில்லையும் இணைக்கிற ஒரே உத்தரம். இரண்டு சில்லும் சேர்ந்து ஏறும்போது கம்பர், அதாவது சில்லின் சாய்வு மாறாது. ஒவ்வொரு சில்லையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்குகிற டபிள் விஷ்போன் கார்களில் சில்லு ஏற ஏறத் தலை உள்ளே சாயும், இங்கே நேராக மடிப்புக்கே போகும்.

கடைசியில் ஷொக் எண்ணெய் கசிந்து வேறொரு பாஸிடம் போனேன், அவர்தான் ஒழுங்காகப் பார்த்தார். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷொக்கையும் முழு நீளப் பம்ப் ஸ்டொப்பையும் மட்டும் பூட்டி, சில்லைப் போட்டு, பீமை இரண்டு பக்கமும் ஜக்கில் ஏற்றினார், நுரை நசுங்கி உடம்பே தூக்குகிற வரை. பிறகு ஒரு பக்கம் மட்டும். தோளுக்கும் மடிப்புக்கும் இடையில் களிமண் உருண்டை வைத்து, நசுங்கிய கனத்தை அளந்தார். முழு நீளத்தில் இடம் இருந்தது, மிகக் கொஞ்சம், ஆனால் இருந்தது. முன்பக்கமும் இதே வேலைதான், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் பழைய ஸ்டொப் வாங்குகிறவர்கள் கையால் நசுக்கிப் பார்த்து வாங்குங்கள், பழைய நுரை நம் வெக்கையிலும் ஈரத்திலும் தூளாக உதிரும்.

அதன் பிறகு உரசல் நின்றது, அது எதிர்பார்த்தது. எதிர்பாராதது சொகுசு. நல்ல நுரை தட்டென்று நிறுத்துவதில்லை, நசுங்க நசுங்க இறுகும், இரண்டாவது ஸ்பிரிங் மாதிரி. ரயில் கடவையில் இப்போது ஒரு மெத்தென்ற தள்ளல் மட்டும். தெற்கு அதிவேகப் பாதையில் 100இல் பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது கார் ஒரே மூச்சில் அமர்ந்து எழுகிறது, அந்த நேரத்தில் இந்தக் காரை யாருக்கும் கொடுக்கமாட்டேன். முழு லோடில் பின்பக்கம் ஸ்டொப்பில் உட்கார்ந்தபடி துள்ளுவதும் உண்மை, அதை மறைக்கவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன் மச்சான். வாங்காதே. உன் வெள்ளவத்தை ஃபிளாட்டின் பேஸ்மன்ட் சரிவில் சாதாரணக் காரே வயிறு உரசித்தான் இறங்குகிறது, மழைக்காலத்தில் ஒழுங்கையில் தண்ணீர் நின்றால் பள்ளம் எது ரோட்டு எது என்று தெரியாது, உன் பின்சீட்டில் எப்போதும் ஆள் இருக்கிறார்கள். என் அடுத்த ஷொக் போகும்போது நானும் பழைய ஸ்பிரிங்கைத்தான் போடப்போகிறேன். இவ்வளவு சொல்லியும் வாங்குவதென்றால், பூட்டுகிற அன்று பக்கத்திலேயே நில், பம்ப் ஸ்டொப்பை அளக்காமல் கத்தி எடுத்தால் காரை வெளியே எடு.