என்எம்சியா, எல்எஃப்பியா? திருவொற்றியூரிலிருந்து ஒரு ஸ்கூட்டர் பேட்டரி கணக்கு

மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) கேட்கிறார்கள், விலை கேட்கிறார்கள். உள்ளே இருக்கும் பேட்டரி எந்த வகை என்று கேட்பவர்கள் குறைவு. திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்குப் போய்வர ஒரு வண்டி, அவ்வளவுதான் என் தேவை. கடையில் இருந்தது இரண்டு வகை: நிக்கலும் மாங்கனீஸும் கோபால்ட்டும் கலந்த என்எம்சி, இரும்பையும் பாஸ்பேட்டையும் வைத்துச் செய்த எல்எஃப்பி. நான் எடுத்தது எல்எஃப்பி. அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஒரே எடைக்கு என்எம்சி அதிக தூரம் ஓடும். எல்எஃப்பி கனம், ஆனால் அதிக முறை சார்ஜ் தாங்கும், சூட்டில் தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. வெள்ளத் தண்ணீரில் மூழ்கினால் இரண்டும் ஒன்றுதான். மெக்கானிக்கிடம் காட்டாமல் சார்ஜரில் போடக் கூடாது. எல்எஃப்பியில் ஒரு தொல்லை உண்டு. அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய கடைசி வரை ஒரே மட்டத்தில் நிற்பதால், எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பது வண்டிக்கே சரியாகப் பிடிபடாது. தண்டையார்பேட்டையில் 30 காட்டும், காலடிப்பேட்டை வருவதற்குள் சட்டென்று 20-க்கு இறங்கும். அவ்வப்போது முழுசாக 100 வரை ஏற்றினால் கணக்கு நேராகிவிடும்.

ஷோரூம் தம்பி "என்எம்சி எடுங்கண்ணா, ரேஞ்ச் பிச்சுக்கும்" என்றார். உண்மைதான். தினமும் கும்மிடிப்பூண்டி வரை போய்வருகிறவருக்கு நானும் அதையே சொல்வேன்.

எனக்கு முடிவு செய்துகொடுத்தது வேறு. ராயபுரம், காசிமேடு பக்கம் ஒரு காலத்தில் மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி காயப்போட முடியாது. துறைமுகத்துக் கரித்தூள் படிந்துவிடும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளக் கூடாது என்று 2011-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது, தூசியும் கூடவே போனது. அதைப் பார்த்தபிறகு, எதையாவது 'சுத்தமானது' என்று யாராவது விற்க வந்தால், அழுக்கு எந்த ஊருக்குப் போயிருக்கிறது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

என்எம்சியின் அழுக்கு இரண்டு ஊர்களில் இருக்கிறது. முதலாவது காங்கோ ஜனநாயகக் குடியரசின் கொல்வேசி வட்டாரம். உலகில் தோண்டியெடுக்கும் கோபால்ட்டில் 70 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரு நாட்டிலிருந்து வருகிறது. பெரிய சுரங்கங்கள் ஒருபுறம். மறுபுறம் கையால் குழி தோண்டி இறங்குகிற ஏழைகள். முட்டுக்கொடுக்காத குழி சரிந்து சாகிறார்கள், தாதுக் கல்லைக் குழந்தைகள் பொறுக்கிக் கழுவுகிறார்கள். கோபால்ட் தூள் தொடர்ந்து உள்ளே போனால் ஆஸ்துமா வரும், நுரையீரல் தழும்பேறும். அதே தாதுப் பகுதியில் உள்ள லுபும்பாஷி நகரில் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. தந்தை சுரங்கம் சார்ந்த வேலையில் இருந்தால் பிள்ளை பிறவிக் குறைபாட்டோடு பிறக்கும் வாய்ப்பு கூடுவதாக அது கண்டது. தூசி வேலை செய்தவரோடு நிற்பதில்லை.

"இப்போது கோபால்ட்டைக் குறைத்துவிட்டார்களே" என்பார்கள். குறைத்த இடத்தை நிரப்புவது நிக்கல். அதற்கு இந்தோனேசியா. உலக நிக்கலில் பாதிக்கு மேல் அங்கேதான் வெட்டுகிறார்கள். 2020-இல் தாது ஏற்றுமதியைத் தடை செய்தபிறகு சுலவேசித் தீவின் மொரோவாலி போன்ற இடங்களில் உருக்காலைகள் பெருகின. காட்டை அழித்துச் செம்மண்ணைச் சுரண்டுகிறார்கள். மழை பெய்தால் அது கடலில் இறங்கித் தண்ணீர் சிவக்கிறது, மீன்பிடி போகிறது. உலைகளுக்குக் கரன்ட் தர அங்கேயே தனி நிலக்கரி மின்நிலையங்கள். எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையங்கள் இருக்கும் அத்திப்பட்டையும் வல்லூரையும், அவற்றின் சாம்பல் கொட்டும் செப்பாக்கம் குளத்தையும் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 2023 டிசம்பர் 24 அன்று மொரோவாலி உருக்காலை ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் 21 பேர் இறந்தார்கள். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: உலக நிக்கலில் பெரும்பங்கு எவர்சில்வருக்குப் போகிறது. பழி முழுவதையும் பேட்டரி தலையில் கட்ட முடியாது, நம் வீட்டுச் சாம்பார் வாளிக்கும் அதில் பங்கு உண்டு.

எல்எஃப்பியில் நிக்கலும் இல்லை, கோபால்ட்டும் இல்லை. அதற்காக அது பசு இல்லை. பாஸ்பேட் பாறையை அமிலத்தில் கரைத்தால் லேசான கதிரியக்கமுள்ள ஜிப்சம் மலையாகக் குவிகிறது. மொரோவாலி விபத்துக்கு இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அது உர ஆலைக்குப் போகும் குழாய், பேட்டரிக்கானது அல்ல. ஆனால் பேட்டரி பாஸ்பேட்டும் உரத்தைப் போல அதே பாறையில்தான் தொடங்குகிறது. லித்தியமும் கிராஃபைட்டும் இரண்டு வகைக்கும் பொது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உப்புநீரை இறைத்து ஆவியாக்குவதும், வடகிழக்குச் சீனக் கிராமங்களில் கிராஃபைட் தூசி படிவதும் எதை வாங்கினாலும் நம் கணக்கில் ஏறும். சார்ஜ் போடும் கரன்ட்டில் பெரும்பகுதி நிலக்கரி என்பதும் அப்படித்தான். ஆக, எல்எஃப்பி எடுத்தால் இரண்டு ஊர்களின் பாரம் கழிகிறது. மிச்சம் அப்படியே இருக்கிறது.

என்எம்சி ஜெயிக்கிற இடம் கடைசியில் வருகிறது. அதில் கோபால்ட்டும் நிக்கலும் இருப்பதால் மறுசுழற்சி செய்பவருக்குக் காசு வரும். திரும்பக் கேட்டு வருவார்கள். எல்எஃப்பியில் மிஞ்சுவது இரும்பும் பாஸ்பேட்டும் கொஞ்சம் லித்தியமும். எங்கள் தெருக் காயலான் கடைக்காரர், இன்வர்ட்டரின் ஈய பேட்டரியைக் காசு கொடுத்து எடுத்துப்போகிறவர், இதைக் கேட்டதும் "அத்த நீயே வெச்சுக்கோணா" என்று சிரித்தார். யாரும் வாங்காத பேட்டரி பேக் கொடுங்கையூர் குப்பைமேட்டில் போய் விழுந்தால் நான் கழித்த பாரம் பக்கத்து வட்டாரத்தில் ஏறிவிடும். என் பேக் இன்னும் புதுசு. அதன் சாவு எப்படி இருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல எனக்கு வழியில்லை.

2022-ஆம் வருட பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேக்கைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. "எங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும்?" என்று வாங்கும் அன்றே கேளுங்கள். நான் கேட்டபோது "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும் சார்" என்றார்கள். விடாமல் நின்றதில் பில்லின் பின்பக்கம் சேகரிப்பு மையத்தின் முகவரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள்.