மூன்று வருடம் ஒரே வி.பி.என்.: ஏன் புதுப்பிக்கவில்லை

போன மாதத்தோடு என் வி.பி.என். சந்தா முடிந்தது. வி.பி.என். என்பது நம் இணையப் போக்குவரத்தைக் குறியாக்கி (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி) தன் சர்வர் வழியாக அனுப்பும் சேவை. மூன்று வருடம், கணினியிலும் கைபேசியிலும் கிட்டத்தட்ட தினமும் ஓடிய சேவை. வேகம் போதவில்லை என்றோ அடிக்கடி அறுந்துபோனது என்றோ நான் அதை விடவில்லை, அந்த விஷயத்தில் எனக்குப் பெரிய குறையே கிடையாது. விட்டதற்குக் காரணம் வேறு. சேவையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஒரு நிறுவனத்தோடு நின்றுவிடும், நான் பார்த்ததோ இந்தத் தொழில் முழுக்க இருக்கிற பிரச்சினை.

எதற்காக வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை காரணமாக விடுதி, விமான நிலையம், பொது அலுவலகம் என்று கண்ட இடத்து வை-ஃபையிலும் இணைய வேண்டியிருந்தது. கடவுச்சொல்லை யாரோ பக்கத்து மேசையிலிருந்து திருடிவிடுவார்கள் என்று விளம்பரங்கள் சொன்னதை நம்பி இரண்டு வருடத் திட்டம் எடுத்தேன், அப்புறம் இன்னொரு வருடம் நீட்டித்தேன். அந்தப் பயத்தில் பாதிக்கு மேல் தேவையில்லாதது என்று பிறகுதான் புரிந்தது. இன்றைக்கு ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்.டி.டி.பி.எஸ். என்ற பாதுகாப்பான முறை வழியாகத்தான் வருகின்றன, கடவுச்சொல்லும் அட்டை எண்ணும் வி.பி.என். இல்லாமலே குறியாக்கம் ஆகித்தான் போகின்றன. வை-ஃபை வைத்திருப்பவருக்குத் தெரிவது நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது மட்டுமே, உள்ளே என்ன படிக்கிறோம், என்ன எழுதுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. வி.பி.என். போட்டால் அந்தத் தளப் பட்டியலும் அவர் கண்ணிலிருந்து மறைந்துவிடும், இணைய சேவை தருகிறவர் கண்ணிலிருந்தும் மறைந்துவிடும். ஆனால் அந்தப் பட்டியல் இல்லாமல் போய்விடுவதில்லை. அது அப்படியே வி.பி.என். நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகிறது. அதாவது நாம் காசு கொடுத்து வாங்குவது, நம்மைப் பார்க்கக்கூடிய ஆளை மாற்றிக்கொள்ளும் உரிமையைத்தான். புது ஆள் யார் என்பதுதான் முழு விஷயமும். இதை நான் முதல் வருடம் யோசிக்கவே இல்லை.

வேகத்தைப் பற்றி. என் வீட்டு இணைப்பு 100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 100 மெகாபிட்). ஆரம்பத்தில் செயலி தானாக எடுத்துக்கொண்டது ஓப்பன்வி.பி.என். என்ற இணைப்பு முறையை. அதில் 40-ஐத் தாண்டவே இல்லை. சர்வரில் கூட்டம் போல என்று நினைத்து மாதக்கணக்கில் சர்வரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அமைப்புகளுக்குள் போய் வயர்கார்டு என்ற இன்னொரு முறைக்கு மாற்றியதும் அதே சர்வரில் 88, 90 வந்தது. ஓப்பன்வி.பி.என். 2001-இல் வந்தது, நல்ல முதிர்ந்த மென்பொருள்தான், ஆனால் வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவிலிருந்து வெளியே வந்து குறியாக்கம் ஆகி மறுபடி உள்ளே போக வேண்டும். வயர்கார்டு 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6-உடன் கருவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது, அதன் நிரல் சுமார் 4,000 வரிதான். கைபேசியில் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. வை-ஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது முன்பு சுற்றிச் சுற்றிக் காத்திருக்க வேண்டும், இப்போது அழைப்பில் பேசிக்கொண்டே வெளியே நடக்கலாம், அறுந்ததே தெரியாது. ஒரே ஒரு சிக்கல்: வயர்கார்டு யு.டி.பி. என்ற தரவு அனுப்பும் முறையில் மட்டும்தான் ஓடும், சில விடுதிகளும் அலுவலகங்களும் அதை அடைத்து வைத்திருக்கும். அங்கே மட்டும் ஓப்பன்வி.பி.என்.-ஐ டி.சி.பி. 443-இல் (சாதாரண இணையத் தளங்கள் ஓடும் அதே வழியில்) போட்டு மெதுவாக ஓட்டினேன்.

வேகத்தை அளந்துகொண்டிருந்தபோதுதான் முதல் உறுத்தல் வந்தது. செயலியில் இத்தனை நாடுகள் என்று கொடிகள் வரிசையாக இருக்கும். எனக்கு 8,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு நாட்டின் சர்வரை, வி.பி.என். போடாமல் நேரடியாகப் பிங் செய்து (சிறு செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளந்து) பார்த்தேன். 31 மில்லிசெகண்டில் பதில் வந்தது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், போய்வரும் கணக்கில் ஒரு மில்லிசெகண்டுக்கு 100 கிலோமீட்டர். 8,000 கிலோமீட்டருக்குக் குறைந்தது 80 மில்லிசெகண்ட் ஆக வேண்டும், அதற்குக் கீழே வர வழியே இல்லை. சர்வர் அந்த நாட்டில் இல்லை, எங்கோ பக்கத்தில் இருக்கிறது, ஐ.பி. முகவரி (இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்) மட்டும் அந்த நாட்டின் பெயரில் பதிவாகியிருக்கிறது. இதை மெய்நிகர் சர்வர் என்பார்கள். இந்த முறையே தப்பு என்று நான் சொல்லவில்லை, சில சமயம் அதற்கு நல்ல காரணம் இருக்கும். 2022-இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வாடிக்கையாளர் விவரங்களை வி.பி.என். நிறுவனங்கள் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டபோது எக்ஸ்பிரஸ்வி.பி.என். என்ற சேவை அங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டு, சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் இருக்கும் சர்வர்களிலிருந்து இந்திய முகவரி தருகிறோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. என் நிறுவனம் அப்படி எங்கேயும் சொல்லவில்லை. கேட்டதற்கு, 'எங்கள் வலையமைப்பு உகந்த முறையில் இயங்குகிறது' என்று ஒரு வரி பதில் வந்தது.

சில்லறைத் தொல்லைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஒரே முகவரியை நூற்றுக்கணக்கானவர்கள் பகிர்வதால் எதைத் தேடினாலும் கேப்சா வரும், போக்குவரத்து விளக்குப் படங்களைச் சொடுக்கி அலுத்துவிடும். வங்கிச் செயலி இரண்டு முறை கணக்கை முடக்கியது. படம் பார்க்கும் தளங்கள் இன்று திறக்கும், நாளை திறக்காது. வங்கிச் செயலியை மட்டும் வி.பி.என்.-க்கு வெளியே விடும் ஸ்பிளிட் டனலிங் வசதியைப் போட்டதும் பாதி நிம்மதி.

உண்மையில் என்னை உலுக்கியது இரண்டாம் வருடம் நடந்தது. விடுதி அறையில் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தேன். செயலியில் பச்சை நிறம், 'பாதுகாக்கப்பட்டுள்ளீர்கள்' என்ற வாசகம், எல்லாம் அப்படியே இருந்தன. எதற்கோ ஐ.பி. முகவரி காட்டும் பக்கத்தைத் திறந்தால் விடுதியின் உண்மையான முகவரி தெரிகிறது. இணைப்பு அறுந்தால் இணையத்தையே நிறுத்த வேண்டிய கில் ஸ்விட்ச் எங்கே போனது என்று பார்த்தால், கடைசிப் புதுப்பிப்பில் அந்த அமைப்பு அணைந்துபோயிருந்தது. நான் அணைக்கவில்லை. மறுபடி போட்டேன், சோதித்தேன், ஐ.பி.வி.4 (பழைய வகை முகவரி) சரியானது, ஐ.பி.வி.6 (புதிய வகை முகவரி) மட்டும் தொடர்ந்து வெளியே கசிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக இப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. உதவிப் பிரிவுக்கு எழுதினால் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்றார்கள். திரைப்பிடிப்புகளோடு விளக்கமாக நான்கு முறை எழுதிய பிறகு, 11-ஆம் நாள், தெரிந்த குறைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். தெரிந்த குறை என்றால் பணம் கட்டுகிறவர்களுக்கு ஏன் சொல்லவில்லை?

அதற்குப் பிறகு பச்சை நிறத்தை நம்புவதை விட்டேன். கணினியின் ஃபயர்வாலில் (எந்த இணைப்பை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று தீர்மானிக்கும் மென்பொருளில்) நானே விதி எழுதினேன்: வி.பி.என். சர்வரின் முகவரிக்கும் சுரங்கத்துக்கும் (வி.பி.என். போடும் குறியாக்கப்பட்ட பாதைக்கும்) மட்டும் அனுமதி, மற்ற எல்லாம் அடைப்பு. இது அதிகப்படியான ஜாக்கிரதை கிடையாது. 2020-இல் புரோட்டான் நிறுவனம், ஐ-போனில் வி.பி.என். இணைவதற்கு முன்பே திறந்திருந்த இணைப்புகள் மூடப்படாமல் வெளியிலேயே தொடர்கின்றன என்று வெளியிட்டது. 2024 மே மாதம் வெளிவந்த டனல்விஷன் என்ற தாக்குதல் முறை இன்னும் மோசம். வை-ஃபை ரூட்டரைக் கையில் வைத்திருப்பவர் டி.எச்.சி.பி.யின் (இணையும் கருவிக்கு வலையமைப்பு அமைப்புகளை அனுப்பும் முறையின்) 121-ஆம் விருப்பத்தை வைத்து, நம் போக்குவரத்தைச் சுரங்கத்துக்கு வெளியே திருப்பிவிட முடியும், செயலியோ இணைந்திருக்கிறேன் என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு அந்த விருப்பத்தைக் கண்டுகொள்வதே இல்லை என்பதால் அது மட்டும் தப்பியது. யோசித்துப் பாருங்கள், தெரியாத வை-ஃபைக்காகத்தான் வி.பி.என்., அந்தத் தெரியாத வை-ஃபைதான் இதற்கு வசதியான இடம்.

செயலியே இப்படி என்றால் கண்ணுக்குத் தெரியாத சர்வரில் என்ன நடக்கிறது என்ற கேள்வி தானாக வந்தது. 'பதிவுகள் வைப்பதில்லை' (யார், எப்போது, எங்கே இணைந்தார்கள் என்று குறித்து வைப்பதில்லை) என்று முகப்பிலேயே பெரிதாக எழுதியிருந்தார்கள். அதே வாசகத்தைத்தான் ஐ.பி.வானிஷ் என்ற வி.பி.என். சேவையும் எழுதியிருந்தது, 2016-இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு பயனரின் இணைப்பு விவரங்களைக் கொடுத்தது 2018-இல் நீதிமன்ற ஆவணங்கள் மூலம் வெளியே வந்தது. பியூர்வி.பி.என். தந்த விவரங்கள் 2017-இல் ஒரு வழக்கில் எஃப்.பி.ஐ.க்குப் பயன்பட்டன. அந்த வழக்கில் பிடிபட்டவர் செய்தது கொடுமையான வேலை, அவருக்காக நான் பேசவில்லை, 'இல்லை' என்று சொன்ன விவரம் எப்படி இருந்தது என்பதுதான் என் கேள்வி. மறுபக்கமும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் சுவீடன் போலீஸ் சோதனை ஆணையோடு முல்வாட் என்ற வி.பி.என். சேவையின் அலுவலகத்துக்குப் போய், எடுத்துப் போக வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாமல் திரும்பியது. அந்தச் சேவை மின்னஞ்சல்கூடக் கேட்பதில்லை, ஒரு கணக்கு எண் மட்டும்தான். கையில் இல்லாததை யாரும் கொடுக்க முடியாது. வாக்குறுதியைவிட இந்த ஏற்பாடு எனக்குப் பெரிதாகப் பட்டது.

என் நிறுவனத்தின் தளத்தில் 'சுயேச்சையாகத் தணிக்கை செய்யப்பட்டது' என்று ஒரு முத்திரை இருந்தது. அந்த அறிக்கையைத் தேடிப் படித்தேன். இரண்டு வருடம் பழையது. அதைவிட முக்கியம், தணிக்கை செய்தது உலாவி நீட்சியை (உலாவியில் சேர்க்கும் சிறு துணைச் செயலியை) மட்டும். சர்வரை யாரும் தொடவே இல்லை. முத்திரையைப் பார்த்து வாங்குகிறவர்கள் அறிக்கையின் முதல் இரண்டு பக்கத்தில் எதைச் சோதித்தார்கள், எதைச் சோதிக்கவில்லை என்பதையாவது படியுங்கள்.

மூன்றாம் வருடம், 'பெரிய குடும்பத்தில் இணைகிறோம்' என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. நிறுவனத்தை விற்றுவிட்டார்கள். கூடவே தனியுரிமைக் கொள்கையும் மாறியது, 'குழும நிறுவனங்களுடன் பகிரலாம்' என்ற சொற்கள் புதிதாக முளைத்திருந்தன. பழைய கொள்கையைச் சேமித்து வைத்திருந்ததால் வரிக்கு வரி ஒப்பிட முடிந்தது. வேறு இடம் தேடலாம் என்று ஒப்பீட்டுத் தளங்களைப் பார்த்தால் அங்கேயும் இதே கதை. சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் ஆகியவற்றை ஏற்கெனவே வைத்திருந்த கேப் டெக்னாலஜிஸ், 2021-இல் எக்ஸ்பிரஸ்வி.பி.என்.-ஐ 93.6 கோடி டாலருக்கு வாங்கியது. அதே வருடம் வி.பி.என்.மென்டர், விஸ்கேஸ் என்ற மதிப்பீட்டுத் தளங்களை நடத்தும் நிறுவனத்தையும் வாங்கியது. மதிப்பெண் போடுகிறவரும் மதிப்பெண் வாங்குகிறவரும் ஒரே முதலாளியிடம். அவர்கள் எழுதியதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை, அந்தப் பட்டியலை வைத்து நான் முடிவெடுக்க மாட்டேன், அவ்வளவுதான். மற்ற பல தளங்களுக்கும் நாம் சொடுக்கி வாங்கினால் தரகுக் காசு உண்டு.

இலவசமாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஃபேஸ்புக்கின் ஒனாவோ என்ற இலவச வி.பி.என்., மக்கள் எந்தச் செயலியை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று நிறுவனத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, 2019-இல்தான் மூடினார்கள். 2016-இல் 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகளைச் சோதித்த ஆய்வில் 18 சதவீதம் எதையும் குறியாக்கமே செய்யவில்லை. கட்டணச் சேவையோடு கொஞ்சம் இலவசமாகத் தருகிற, நிரலை வெளியிட்டிருக்கிற ஓரிரு சேவைகள் விதிவிலக்கு.

புதுப்பிக்க வேண்டாம் என்று முடிவு செய்து தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்தேன், உறுதிப்படுத்தும் மின்னஞ்சலும் வந்தது. அப்படியும் அட்டையிலிருந்து முழு வருடத் தொகையை எடுத்துவிட்டார்கள், அதுவும் சலுகை இல்லாத முழு விலை. ஆறு நாள் அரட்டைப் பெட்டியில் போராடி, அந்த மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பக் காட்டிய பிறகு பணம் திரும்பி வந்தது. தயவுசெய்து அந்த மாதிரி மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள்.

இப்போது மாதாமாதம் கட்டும் ஒரு சேவையில் இருக்கிறேன். கணக்கைக் கூட்டிப் பார்த்தால் நீண்ட காலத் திட்டத்தைவிடச் செலவு அதிகம், ஆனால் உரிமையாளரோ கொள்கையோ மாறினால் அடுத்த மாதமே விலகிவிடலாம். செயலியின் நிரல் பொதுவில் இருக்கிறது, பெயர் கொடுக்கவில்லை. வேகம் பழையதைவிடச் சற்றுக் குறைவு, 80 எம்.பி.பி.எஸ். வருகிறது. வீட்டில் இருக்கும்போது பெரும்பாலும் அணைத்தே வைக்கிறேன், கூகுளில் உள்நுழைந்தபடி வி.பி.என். போட்டு என்னை மறைத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்துவிட்டதால். ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் மடிக்கணினியை மூடித் திறந்து, ஐ.பி.வி.4, ஐ.பி.வி.6, டி.என்.எஸ். (தளப் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றும் வசதி) மூன்றையும் பார்த்துவிடுகிறேன். ஐந்து நிமிட வேலை. நேற்றும் ஒரு புதுப்பிப்பு வந்தது, பார்த்தேன், இதுவரை கசிவில்லை.