கூலிங் கிளாஸா, தொப்பியா, ஹெல்மெட் வைசரா?

தினமும் பைக்கில் அலுவலகம் போய் வருபவன் நான். சென்னை வெயிலுக்குப் பயந்து இத்தனை வருடத்தில் நான்கு கண்ணாடிகள் சேர்த்துவிட்டேன். நடைபாதைக் கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிய கரிக்கறுப்பு ஒன்று, அதே கடையில் அதே விலைக்கு வாங்கிய வெளிர் பழுப்பு ஒன்று, ஒரு போலரைஸ்டு, அப்புறம் வெயிலில் தானே கறுக்கும் பவர் கண்ணாடி. போன மாதம் ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, வெயிலோடு கண்ணுக்குத் தெரியாமல் வந்து கண்ணைக் கெடுக்கும் புற ஊதாக் கதிரை எது தடுக்கிறது என்று முதல் இரண்டுக்கும் பரீட்சை வைத்தேன்.

கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் இருக்கிறதே, அதை 500 ரூபாய் நோட்டில் அடித்தால் வரிசை எண்களும் நடுநடுவே பொடி இழைகளும் பளிச்சென்று ஒளிரும். டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவில் கண்ணாடியை நீட்ட வேண்டும். ஒளிர்வு மறைந்தால் புற ஊதாவை அது தடுக்கிறது என்று பொருள். கரிக்கறுப்பை நீட்டினேன். எண்கள் கொஞ்சம் மங்கின, ஆனால் இழைகள் வரை தெரிந்தன. வெளிர் பழுப்பை நீட்டினேன். நோட்டு சாதாரணக் காகிதம் போல ஆகிவிட்டது!

இது வீட்டு வைத்தியம் மாதிரிச் சோதனைதான். பல கண்ணாடிக் கடைகளில் இதற்கென்றே சின்ன மீட்டர் இருக்கும், கேட்டால் வைத்துக் காட்டுவார்கள். ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. கறுப்பு நிறம் குறைப்பது நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை. புற ஊதாவைத் தடுப்பது லென்ஸின் பொருளும் அதிலுள்ள பூச்சும். ‘யுவி 400’ என்றால் 400 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள யுவி, அதாவது புற ஊதாக் கதிர்களை அது தடுக்கிறது என்று கணக்கு. அந்தத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடியில் இன்னொரு வம்பும் உண்டு. இருட்டாக இருக்கிறதே என்று கண்மணி விரிந்துகொள்ளும், கண்ணைச் சுருக்கவும் மாட்டோம். கதவைத் திறந்துவைத்துத் திருடனைக் கூப்பிடும் கதை. ஆகவே முதல் சுற்றில் பழுப்பு ஜெயித்தது, கரிக்கறுப்பு மேசை இழுப்பறைக்குப் போய்விட்டது.

போலரைஸ்டு வேறு ஜாதி. நீரிலும் தார்ச்சாலையிலும் முன்னால் போகும் காரின் கூரையிலும் பட்டுத் தெறிக்கும் கூசலை அது அறுத்துவிடும். கடற்கரையில் போட்டுப் பார்த்தால் அலைக்கு அடியில் மணல் தெரியும், அவ்வளவு சுகம். ஆனால் போலரைஸ்டு என்பதும் புற ஊதாத் தடுப்பும் ஒன்றல்ல, இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பைக்கில் இன்னொரு சிக்கல்: ஹேண்டில்பாரில் மாட்டிய போனில் வழி பார்த்தால், சில கோணங்களில் திரை முழுக்க இருண்டுவிடும். கார் ஓட்டுபவர்களுக்கும் கடலோரத்தில் வேலை செய்பவர்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். எனக்கு வேண்டாம்.

தானே கறுக்கும் கண்ணாடியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வசதிதான். ஆனால் அதைக் கறுக்க வைப்பதே புற ஊதாதான். காரின் முன்கண்ணாடி அதைப் பெரும்பாலும் வடிகட்டிவிடுவதால் உள்ளே கறுப்பு சரியாக ஏறாது. கூடவே, சூடு ஏற ஏற கறுப்பு குறையும். கத்திரி வெயிலில் நமக்கு எப்போது கறுப்பு வேண்டுமோ, அப்போதுதான் அது சோம்பல்படும்.

இனி தொப்பி. அகலமான விளிம்புள்ள தொப்பி கண்ணுக்கு வரும் புற ஊதாவில் ஏறக்குறைய பாதியைக் குறைக்கும் என்பார்கள். செலவில்லாத சமாசாரம். ஆனால் தொப்பியோ குடையோ, மேலிருந்து வருவதைத்தான் மறைக்கும். உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாவில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும். கீழிருந்து வருவதற்குத் தொப்பி என்ன செய்யும்? இன்னொன்று, உச்சி வெயிலில் புருவமேடே ஓரளவு நிழல் தரும். காலையிலும் பிற்பகலிலும் சூரியன் தாழ்ந்து நேராக முகத்தில் அடிக்கும்போதுதான் கண் தனியாக மாட்டிக்கொள்கிறது. நான் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரமும் அதுதான்.

பக்கவாட்டு வெளிச்சத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. மீனவர்கள், விவசாயிகள் கண்ணில் மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு சதை கருவிழியை நோக்கி வளர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் அதற்கு முக்கியக் காரணம். சரி, ஏன் மூக்குப் பக்கம்? நெற்றிப்பொட்டுப் பக்கமிருந்து சாய்வாக வரும் ஒளியைக் கருவிழியின் வளைவே ஒரு லென்ஸ் போலக் குவித்து மூக்கோர விளிம்பில் போடுகிறது என்று ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ விளக்கினார். ஆக, முன்னால் எவ்வளவு உயர்ந்த லென்ஸ் இருந்தாலும், பக்கத்தில் இரண்டு விரல் போகிற இடைவெளி இருந்தால் அது பாதிக் காவல்தான். சின்ன வட்டக் கண்ணாடிகள் போட்டோவுக்கு அழகு. வெயிலுக்குக் கன்னத்தோடு வளைந்து ஒட்டும் அகலச் சட்டம்தான் சரி.

இந்த இடத்தில்தான் நான் கடைசியாக நினைத்த போட்டியாளர் எல்லாரையும் முந்துகிறது: ஹெல்மெட் வைசர். நல்ல வைசர் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுவது. அந்தப் பொருள் நிறமே இல்லாமலும் சுமார் 380 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாவில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். காதோரம் வரை வளைந்து மூடும், தூசியும் வராது. ஏற்கெனவே ஹெல்மெட்டோடு காசு கொடுத்து வாங்கியதை எல்லா சிக்னலிலும் நெற்றிக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறோம். உள்ளே வியர்க்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வைசரைக் கீழே இறக்கி, கூசினால் உள்ளே அந்த 150 ரூபாய் பழுப்பு. இப்போதைக்கு என் தேர்வு இதுதான்.

ஆசைப்பட்டு முன்பு ஒரு கறுப்பு வைசரும் மாட்டியிருந்தேன். பகலில் ஜோர். இரவு ஏழு மணிக்குத் திரும்பும்போது எதிரே வரும் மாடு தெரியவில்லை. தூக்கிவிட்டு ஓட்டினேன். ஏரிக்கரை தாண்டுவதற்குள் மூன்று பூச்சிகள் கண்ணுக்குள் வந்துவிட்டன. மறுநாளே பழைய வைசரை மாட்டிவிட்டேன்.