ஒன்பதாம் வகுப்போடு மதுரைக்கு ஒரு நாள்: 150 ரூபாய் அறிவியல் உரை எப்படி இருந்தது?

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பிப்ரவரி 28 நெருங்கினாலே வாட்ஸாப்பில் அழைப்பிதழாக வந்து விழும். 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள் அது. 1987-லிருந்து தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறார்கள். இந்த வருஷம் மதுரையில் ஒரு கல்லூரி நடத்திய ஒருநாள் உரை நிகழ்ச்சிக்கு ஒன்பதாம் வகுப்பை அப்படியே, 42 பேரையும், கூட்டிக்கொண்டு போனேன். தலைக்கு 150 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. பஸ் வாடகை நம் தலையில். பெற்றோர் சம்மதக் கடிதம் வாங்கவே நான்கு நாள் ஆனது. ஒரு பையன் அப்பா கையெழுத்தை அவனே போட்டுக்கொண்டு வந்திருந்தான், அதுவும் அப்பா பெயரில் எழுத்துப் பிழையோடு.

அழைப்பிதழில் 9.30 என்று இருந்தது. செக்கானூரணி, நாகமலைப் புதுக்கோட்டை வழியாக வந்து 9.10-க்கே பிள்ளைகளை அரங்கில் உட்கார வைத்துவிட்டேன். அறிவியல் என்று ஏதாவது காதில் விழுந்தபோது மணி 10.40. அதுவரை குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை. பதினோரு பொன்னாடை. நான் எண்ணவில்லை, என் பின்வரிசைப் பையன்கள் எண்ணி நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

முதல் உரை நானோ தொழில்நுட்பம். பேசியவர் நல்ல படிப்பாளி என்பது தெரிந்தது. ஆனால் முழுக்க ஆங்கிலம், அதுவும் திரையைப் பார்த்தே. தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகள்தான் அரங்கில் முக்கால்வாசி. அழைப்பிதழில் பள்ளிப் பெயர்களைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பத்தாவது நிமிஷத்தில் என் வரிசையில் இரண்டு தலை சாய்ந்தது. நான் எழுப்பவில்லை. காலையில் நாலு மணிக்கு எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்த பிள்ளைகள்.

இரண்டாவதாக வந்தவருக்காகத்தான் இந்த விமர்சனமே எழுதுகிறேன். ஐம்பது வயதிருக்கும், அரைக்கைச் சட்டை. மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார். கூடவே ஒரு மீன் தொட்டி, ஒரு தெர்மாகோல் பெட்டி.

"உசிலம்பட்டியிலருந்து வந்தவங்க யாரு? வடபழஞ்சியத் தாண்டித்தானே வந்தீங்க? அங்க 85 டன்ல இரும்பக் காந்தமாக்கி வச்சிருக்காங்க, தெரியுமா?" என்றார். எனக்கே அது அரைகுறையாகத்தான் தெரியும். தேனி பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து உள்ளே வருவதாக இருந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கு வைக்க நினைத்த கருவியின் சின்ன மாதிரி அது. நியூட்ரினோ என்பது பாறையைக்கூட ஊடுருவிப் போகிற, எதிலும் லேசில் மோதாத நுண்துகள். பொட்டிப்புரத்துக்குத் திட்டமிட்டது ஏறக்குறைய 50,000 டன்.

மீன் தொட்டியின் உள்ளே அடிப்பக்கம் கம்பளித் துணி ஒட்டி, அதில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊற்றி நனைத்தார். தொட்டியைக் கறுப்புத் தகட்டின் மேல் கவிழ்த்தார். தகட்டுக்குக் கீழே உலர்பனிக்கட்டி, மைனஸ் 78 டிகிரி. தடிக் கையுறை போட்டுத்தான் எடுத்தார். "பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் ஒரு கணக்குப் போடுவோம்" என்று கரும்பலகைக்குப் போனார்.

விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் நம் தலைக்கு மேல் 15 கிலோமீட்டர் வாக்கில் காற்றில் மோதுகின்றன. அதில் பிறக்கிற துகள்களில் ஒன்று மியூவான். அதன் ஆயுள் சராசரியாக ஒரு நொடியைப் பத்து லட்சமாக வகுத்தால் அதில் 2.2 பங்கு. ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு தூரம் வரும்? வேகம் பெருக்கல் காலம், ஒன்பதாம் வகுப்பு இயக்கப் பாடம். எங்கள் பையன் ஒருவன், கணக்கில் 40 தாண்டாதவன், எழுந்து போய்ப் போட்டான். 660 மீட்டர்.

சாக்பீஸைக் கீழே வைக்காமலே அவன் கேட்டான்: "சார், அப்ப அது பாதி வழியிலயே செத்துருமே. கீழ எப்படி வரும்?"

அவர் பதில் சொல்லவில்லை. "வருதா இல்லையான்னு மொதல்ல பாரு" என்று விளக்கை அணைக்கச் சொன்னார். பக்கவாட்டிலிருந்து டார்ச் வெளிச்சம். தகட்டுக்கு மேலே மெல்லிசாக மூடுபனி. திடீரென்று அதில் ஒரு வெள்ளை இழை, கோலப்பொடியை இரண்டு விரலால் இழுத்துவிட்ட மாதிரி. வந்த வேகத்தில் கலைந்துவிட்டது. அடுத்து இன்னொன்று, சாய்வாக. தடித்துக் குட்டையாக ஒன்று வந்தபோது, அது மியூவான் இல்லை, பக்கத்துக் காற்றில் இருக்கிற ரேடான் என்கிற கதிரியக்க வாயுவின் வேலை என்றார். துகள் போன வழியில் காற்று மின்னூட்டம் பெறுகிறது, அதைப் பற்றிக்கொண்டு ஆல்கஹால் ஆவி துளியாகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் வில்சன் என்பவர் கண்டுபிடித்தது. அதற்கு 1927-இல் நோபல் பரிசு. உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் நொடிக்கு ஒன்றாவது கையைத் துளைத்துக்கொண்டு போகுமாம்.

அப்புறம்தான் பையனுக்குப் பதில். அவ்வளவு வேகத்தில் போகிற பொருளுக்குக் காலம் நம் கணக்கில் மெதுவாக ஓடுகிறது, ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்னது, அதனால்தான் கீழே வந்து சேர்கிறது என்றார். உடனே எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருத்தி, "அதுக்கு மெதுவாத் தெரியுமா சார், நமக்கு மட்டும் அப்படித் தெரியுதா?" என்றாள். "தாயி, இது எம்.எஸ்ஸி. பிள்ளைங்க கேக்க வேண்டிய கேள்வி" என்று சிரித்தார். சிரித்ததோடு விடவில்லை: மியூவானுக்குத் தன் கடிகாரம் சரியாகத்தான் ஓடும், அதன் பார்வையில் அந்த 15 கிலோமீட்டர்தான் சுருங்கிவிடும் என்றார். முழுசாகப் புரிந்தது என்று நானும் சொல்ல மாட்டேன்.

போடியில் சொந்தக்காரர்கள் இருக்கிற பையன் ஒருவன், நியூட்ரினோ ஆய்வகத்துக்காகப் பொட்டிப்புரத்து மலையைக் குடைந்தால் அணைக்கு ஆபத்து என்றார்களே என்று கேட்டான். இந்தக் கேள்வியில் பெரும்பாலானவர்கள் நழுவுவார்கள். இவர், மலை எதற்கு என்பதை முதலில் சொன்னார்: தொட்டியில் பார்த்த மியூவான்களை வடிகட்டத்தான் அவ்வளவு பாறை, 1965-லேயே கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே நியூட்ரினோவைப் பிடித்திருக்கிறார்கள். அப்புறம், ஊர்க்காரர்கள் பயந்தது தப்பில்லை, அவர்களிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசாததுதான் தப்பு என்றார். எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் பட்டது. வெடி வைப்பதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

இருபது இருபது பேராக வந்து தொட்டியை எட்டிப் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் முதல் இருபது பார்த்து முடிப்பதற்குள் ஒருங்கிணைப்பாளர் வந்து நேரமாகிவிட்டது என்று விளக்கைப் போட்டுவிட்டார். காலையில் பொன்னாடைக்கு ஒரு மணி நேரம் இருந்தது. மீதி 22 பேரின் முகத்தை நான்தான் திரும்பி வருகிற வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாப்பாடு நன்றாக இருந்தது. சாம்பார் சாதம் சூடு, தயிர் சாதத்தில் மாதுளை. தண்ணீர் கேன் இரண்டே இரண்டு, முந்நூறு பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் மூன்று கதவில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்திக்கு ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 150 ரூபாய் வாங்குகிறவர்கள் இரண்டு தாழ்ப்பாள் போட மாட்டார்களா?

மதியம் இரண்டு உரை. ஒன்று ராமன் வாழ்க்கை, பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இன்னொன்று உயர்கல்வி வாய்ப்பு என்ற பெயரில் அந்தக் கல்லூரியின் சேர்க்கை விளம்பரம். நாலரைக்குத்தான் விட்டார்கள். நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன், அது போச்சு. சமாதானத்துக்கு வழியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன்.

மதிப்பெண் போடச் சொன்னால் அஞ்சுக்கு மூன்று, அதில் இரண்டரை மீன் தொட்டிக்கு. கூட்டிப் போக நினைக்கிற டீச்சர்கள் பணம் கட்டும் முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த மொழியில் பேசுகிறார்கள், செய்துகாட்டுவது ஏதும் உண்டா, முதல் உரை உண்மையில் எத்தனை மணிக்கு. தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள்.

எங்கள் டிரைவர் அண்ணனும் அரங்கின் கடைசியில் நின்று பார்த்திருக்கிறார். வடபழஞ்சி விலக்கு வந்ததும் வண்டியை மெதுவாக்கி, "ஏன் டீச்சர், அது நம்ம பஸ் கூரையவும் ஓட்ட போட்டுட்டுத்தான் வருதா?" என்றார். பின்சீட்டிலிருந்து நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள்.